கழற்றத் தெரிந்த கைகள்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் நோக்கிச் செல்லும் சாலையில் ஒரகடத்தை அணுகும்போது, புத்தம் புது வாகனங்களை அடுக்கடுக்காய் ஏற்றிச் செல்லும் நெடிய லாரிகள் வரிசையாக எதிர்ப்படுகின்றன. சாலையின் இருமருங்கிலும் தொழிற்சாலை மதில்கள். ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்தில், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998இல் தன் முதற்காரை வெளியிட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ - நிசான் கூட்டுத் தொழிற்சாலையும், 2012இல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் தொடங்கப்பெற்றன. ஒரு தலைமுறைக்கு முன் ஏரிப் பாசனத்தை நம்பி நெல்லும் வேர்க்கடலையும் விளைந்த பூமி இது என்பதை, மதில்களுக்கு இடையே ஆங்காங்கே எஞ்சியிருக்கும் ஏரிக்கரைப் பனைமரங்கள் மட்டுமே இன்று நினைவூட்டுகின்றன.

இச்சாலையிலிருந்து விலகி, உட்புறத்துச் சிற்றூர் ஒன்றிற்கு நாம் சென்றிருந்தோம். அங்கே வேப்பமரத்தடியில் கூரைத்தகடு வேய்ந்த பட்டறை ஒன்றில், வண்ணம் மங்கிய பழைய மாஸி பெர்குசன் டிராக்டர் பாகம் பாகமாய்க் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. பிஸ்டன்களும் வால்வுகளும் சாக்கின்மேல் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. அறுபதைக் கடந்த பட்டறைக்காரர் ஒவ்வொரு பாகத்தையும் டீசலில் கழுவி, துணியால் துடைத்து, வந்த வரிசை மாறாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

டிராக்டரின் உரிமையாளர் அருகே நின்றார். உழவர். இல்லை, உழவராய் இருந்தவர். அவருடைய நிலம் தொழிற்பேட்டைக்குள் போய்விட்டது. டிராக்டர் மட்டும் பத்தாண்டுக்கு மேலாக வீட்டுப் பின்புறத்தில் நின்றது. பழைய இரும்புக்காரர் விலை கேட்டு வந்தபோது கொடுக்க மனமில்லாமல் பட்டறைக்கு இழுத்து வந்துவிட்டார். "உழறதுக்கு நிலம் இல்லையே, இதை ஓட வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று நாம் கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஓடட்டுங்க ஐயா. ஓடற சத்தம் கேட்டாப் போதும்" என்றார்.

அந்த ஒரு சொல்லே இக்கட்டுரைக்குக் காரணம். பழைய சிறு டிராக்டர்களைத் தேடிப்பிடித்து, பழுது நீக்கி, பழைய வண்ணமே பூசி, மீண்டும் ஓட விடுவது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல்லாயிரம் பேருக்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்கு. அமெரிக்காவில் 1961இல் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 'கப் கேடட்' என்றும், 1963இல் ஜான் டீர் நிறுவனம் '110' என்றும் தோட்ட டிராக்டர்களை வெளியிட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நகரை ஒட்டி வீடு கட்டிக் குடியேறியவர்களின் புல்வெளிக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் செய்யப்பட்ட வண்டிகள் அவை. பாட்டனார் பெருநிலம் உழுதார். பேரன் வீட்டுக் கொல்லையில் சிறு டிராக்டர் ஓட்டினான். இன்று கொள்ளுப்பேரன் அதனைப் புதுக்கிக் கண்காட்சிக்குக் கொண்டுசெல்கிறான். நிலம் விலகிய இடத்தில்தான் அங்கே பொழுதுபோக்கு பிறந்தது. நம் நாட்டிலும் அது அவ்வாறே பிறக்கிறதோ என்னும் எண்ணத்தோடு இவ்வியந்திரத்தின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

பட்டறையில் பிறந்த டிராக்டர்

வேப்பமரத்தடியில் நின்ற அந்த வண்டியின் முன்னோரைத் தேடினால், வட அயர்லாந்தின் உழவர் குடும்பம் ஒன்றிற்கு நாம் செல்ல வேண்டும். 1884இல் பிறந்த ஹாரி பெர்குசன், தம் தமையனார் பெல்ஃபாஸ்ட் நகரில் நடத்திய பழுதுபார்க்கும் பட்டறையில் தொழில் பயின்றவர். அங்கே கற்ற கைத்திறனைக் கொண்டே தமக்கென ஒரு விமானம் செய்து, 1909 டிசம்பர் 31 அன்று அயர்லாந்தில் முதன்முதலாக வானில் பறந்தார்.

முதல் உலகப் போரின்போது, அயர்லாந்தில் இருந்த டிராக்டர்களைப் பார்வையிடும் பணி அவருக்கு அளிக்கப்பட்டது. அக்காலத்து டிராக்டர், மாட்டுக்குப் பதிலாகக் கலப்பையை இழுத்துச் செல்லும் கனத்த வண்டியாக மட்டுமே இருந்தது. கலப்பை கல்லில் மாட்டிக்கொண்டால், வண்டியின் முன்புறம் மேலெழுந்து ஓட்டுநர்மீதே கவிழ்ந்துவிடும். பலர் உயிரிழந்தனர். பெர்குசன் இதற்கு மாற்று கண்டார். கீழே இரண்டு தண்டு, மேலே ஒரு தண்டு என மூன்று புள்ளிகளில் கலப்பையை டிராக்டரோடு இணைத்தார். எண்ணெய் அழுத்தத்தால் கலப்பையை ஏற்றவும் இறக்கவும் வழி செய்தார். இவ்விணைப்பால் மண்ணின் எதிர்ப்பே பின்சக்கரங்களைத் தரையில் அழுத்திப் பிடிப்பைக் கூட்டியது. ஆகவே, கனம் குறைந்த சிறிய வண்டியாலும் ஆழ உழ முடிந்தது. இன்று உலகில் ஓடும் டிராக்டர்களில் மிகப் பெரும்பாலானவற்றின் பின்புறம் காணப்படுவது இவ்விணைப்பே.

1938இல் ஹென்றி ஃபோர்டோடு கைகுலுக்கலை மட்டுமே பத்திரமாகக் கொண்டு அவர் ஓர் உடன்பாடு செய்துகொண்டார். போருக்குப் பின் அவ்வுடன்பாடு முறிந்து, பெரும் வழக்காகி, 1952இல் தீர்ந்தது. அதற்கிடையே, 1946 முதல் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 'டி.இ.20' எனும் அவருடைய சாம்பல்நிறச் சிறு டிராக்டரை உற்பத்தி செய்யத் தொடங்கியிருந்தது. 1956 வரை அவ்வகையில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. 1953இல் பெர்குசன் நிறுவனம் மாஸி ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்ததால் தோன்றியதே மாஸி பெர்குசன் என்னும் பெயர்.

இச்சிறு டிராக்டரை மாற்றியமைத்தவர்களுள் புகழ்பெற்றவர் ஒருவர் உண்டு. 1953இல் டென்சிங் நார்கேயோடு எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரிதான் அவர். தென்துருவப் பயணத்துக்கு அவரும் அவர் தோழர்களும் இந்த உழவு வண்டிகளையே எடுத்துக்கொண்டனர். சக்கரங்களின்மேல் இரும்புப் பட்டைச் சங்கிலி பூட்டி, குளிர்காற்றைத் தடுக்கக் கித்தான் கூடாரம் கட்டி, வயலுக்குச் செய்த வண்டியைப் பனிக்கு ஏற்றதாக்கினர். 1958 ஜனவரி 4 அன்று அவர்கள் தென்துருவத்தை அடைந்தனர். தரைவழியே மோட்டார் வண்டியில் துருவத்தை எட்டியது அதுவே முதன்முறை.

வண்டலூரும் செம்பியமும்

இவ்வரலாற்றுக்கும் நம் வட்டாரத்துக்கும் உள்ள உறவு பலரும் அறியாதது. டி.இ.20 டிராக்டரில் பொருத்தப்பட்ட ஸ்டாண்டர்டு எஞ்சினும், அந்நிறுவனத்தின் 'வேன்கார்டு' காரில் இருந்த எஞ்சினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்த வேன்கார்டு கார் சென்னையிலும் உருவாயிற்று. 1948இல் தொடங்கப்பெற்ற ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா நிறுவனத்தின் தொழிற்சாலை வண்டலூர் அருகே இருந்தது. இன்று ஒரகடத்துக்குச் செல்லும் சாலை எங்கே தொடங்குகிறதோ, ஏறத்தாழ அவ்விடத்திலேயே நம் வட்டாரத்தின் மோட்டார் வரலாறும் தொடங்கியது எனலாம்.

அவ்வெஞ்சினின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. பிஸ்டன் ஓடும் உருளை, எஞ்சின் உடலோடு ஒன்றாக வார்க்கப்படாமல், தனிக் குழாயாகச் செருகப்பட்டிருக்கும். 'லைனர்' என்று மெக்கானிக்குகள் அதனை அழைப்பர். குளிர்விக்கும் நீர் அக்குழாயை நேரடியாகத் தொட்டுச் செல்லும். தேய்ந்துவிட்டால் பழையதை உருவி எடுத்துப் புதியதைச் செருகிவிடலாம். எஞ்சினையே கடைசலுக்கு அனுப்ப வேண்டியதில்லை. தேயும், பழுதாகும், ஒருநாள் யாரேனும் கழற்றுவார் என்பதை முன்னமே எண்ணிச் செய்த அமைப்பு அது. எழுபது ஆண்டு கடந்த டிராக்டர்கள் இன்றும் ஓடுவதற்கு இத்தகைய முன்யோசனையும் ஒரு காரணம்.

பெர்குசன் 1960ஆம் ஆண்டு மறைந்தார். அதே ஆண்டில் சென்னையில், மாஸி பெர்குசனின் ஒத்துழைப்போடு 'டாஃபே' நிறுவனம் தோன்றியது. வடசென்னையின் செம்பியத்திலிருந்து அதன் டிராக்டர்கள் வெளிவந்தன. அவற்றுக்கு எஞ்சின் தந்த சிம்சன் நிறுவனமோ, 1840இல் சென்னையில் குதிரை வண்டி செய்யும் கூடமாகத் தொடங்கியது. குதிரை வண்டிக் கொட்டகை டிராக்டர் எஞ்சின் தொழிற்சாலையாக மாறியதும் ஒருவகை மாற்றியமைத்தலே அன்றோ?

வறட்சி செய்வித்த வண்டி

இதுவரை கூறியது காத்தலின் வரலாறு. இனி மாற்றுதலின் வரலாற்றைக் காண்போம். இதிலும் சென்னைக்குப் பங்குண்டு.

இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து 1955இல் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளை உருவாக்கியது. இராணுவத்தாரும் காவலரும் ஏறிய அவ்வண்டி, மெல்ல மெல்ல நாடெங்கும் நாட்டுப்புறங்களுக்குச் சென்றது. ரெட்டிச் நகரில் இருந்த தாய்த் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1970-களின் தொடக்கத்திற்குள் இங்கிலாந்தில் அந்த உற்பத்தியே நின்றுபோயிற்று. சென்னையில் புல்லட் நிற்கவில்லை.

குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதி வறட்சிக்குப் பேர்போனது. அம்ரேலி மாவட்டத்தில் மோட்டா தேவலியா என்னும் ஊரைச் சேர்ந்த மன்சுக்பாய் ஜகானி, அதிகம் படிக்க வாய்ப்புப் பெறாத கைவினைஞர். வறட்சியில் மாட்டுக்குத் தீவனம் இல்லை. மாடு இல்லாத சிறு உழவருக்கு டிராக்டர் வாடகையும் எட்டாத தொலைவு. 1994இல் அவர் ஒரு பழைய புல்லட்டை எடுத்தார். அதன் பெட்ரோல் எஞ்சினுக்குப் பதிலாக 5.5 குதிரைத்திறன் கொண்ட சிறு டீசல் எஞ்சினைப் பொருத்தினார். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அகன்ற இரு சக்கரங்கள் கொண்ட அச்சை இணைத்தார். அதன் பின்னே, உழவும் களையெடுப்பும் விதைப்பும் செய்யும் கருவிகளை மாற்றி மாற்றிப் பூட்டத்தக்க சட்டத்தை அமைத்தார். அச்சட்டத்தை அப்பகுதியினர் 'சாந்தி' என்பர். ஆகவே வண்டிக்குப் 'புல்லட் சாந்தி' என்று பெயர் நிலைத்தது. ஏறத்தாழ இரண்டு லிட்டர் டீசலில், அரைமணி நேரத்துக்குள் ஓர் ஏக்கர் உழலாம் என்று பதிவாகியுள்ளது. உழவு முடிந்தபின் பின்புற அச்சைக் கழற்றிவிட்டு, மீண்டும் மோட்டார் சைக்கிளாகவும் ஓட்டிக்கொள்ளலாம்.

அகமதாபாத் மேலாண்மைக் கழகப் பேராசிரியர் அனில் குப்தா தொடங்கிய 'ஹனி பீ' வலையமைப்பு இவரை இனங்கண்டு உலகறியச் செய்தது. தேசியப் புத்தாக்க நிறுவனம் இவரைப் பாராட்டியது. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் காப்புரிமை கிடைத்தது. சென்னையில் பிறந்த வண்டி, சௌராஷ்டிர மண்ணில், செய்தவர் எண்ணிப் பாராத தொழிலைக் கற்றுக்கொண்டது.

இங்கே காலத்தின் பின்னலையும் நாம் கவனிக்க வேண்டும். ஜகானி புல்லட்டை உழவு வண்டியாக்கிய அதே 1994இல், என்ஃபீல்டு இந்தியா ஐஷர் குழுமத்தின் கைக்கு முழுமையாகச் சென்றது. ஐஷரோ அன்று டிராக்டர் செய்த நிறுவனம். பதினோராண்டு கழித்து, 2005இல், அந்நிறுவனம் தன் டிராக்டர் தொழிலைச் சென்னையின் டாஃபேக்கு விற்றுவிட்டது. மோட்டார் சைக்கிளைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 2013இல் அதன் புதிய ஆலை ஒரகடத்தில், முன்பு ஏர் ஓடிய மண்ணில், எழுந்தது.

காப்பதும் மாற்றுவதும்

பழைய வண்டியை அதன் பழைய உருவிலேயே மீட்பது சிறப்பா, அல்லது இன்றைய தேவைக்கு மாற்றுவது சிறப்பா என்னும் வினா, இத்துறையில் ஈடுபாடுடையோரிடையே எங்கும் எழுவது. மீட்போர், ஒரு போல்ட்டும் காலத்துக்குப் பொருந்தாததாய் இருக்கக் கூடாது என்பர். மாற்றுவோர், ஓடாத உண்மையைவிட ஓடும் மாற்றமே மேல் என்பர்.

நம் சட்டம் முதற்சாராரின் பக்கம் நிற்கிறது. 2021இல் மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஐம்பது ஆண்டு கடந்தும் மூல உருவம் பெரிதும் மாறாமல் காக்கப்பட்ட இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்குத் தனிப் பதிவெண் வழங்கப்படுகிறது. அவற்றை அன்றாடத் தேவைக்கோ வாணிகத்துக்கோ ஓட்டக் கூடாது. அருமையான ஏற்பாடுதான். ஆயினும், இவ்வளவுகோலை வைத்தால், உழைத்து உருமாறிய வண்டிக்கு வரலாற்றில் இடமில்லாமல் போய்விடுகிறது. உருமாறாமல் நின்றது கௌரவம் பெறுகிறது. ஒரு குடும்பத்துக்குச் சோறு போட உருமாறியது பழைய இரும்பாகிறது.

நாம் இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்த விரும்பவில்லை. நிலம் போனபின் நினைவைக் காக்க விரும்புபவன் மீட்கிறான். நிலம் இருந்தும் மழை பொய்த்தவன் மாற்றுகிறான். ஒன்று இழப்பின் வழி. மற்றது பிழைப்பின் வழி. இரண்டுக்கும் வேண்டியவை அச்சமின்றிக் கழற்றி, தவறின்றி மீண்டும் பொருத்தத் தெரிந்த கைகளே. கோவையின் ஜி. டி. நாயுடு இளமையில், ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை அரும்பாடுபட்டு வாங்கி, ஓட்டி மகிழ்வதோடு நில்லாமல், முழுவதும் பிரித்துப் பார்த்து மீண்டும் பூட்டினார் என்பதை நாம் அறிவோம். அவருடைய பிற்காலச் சாதனைகள் பலவற்றுக்கும் வித்து, அன்று பிரித்த அந்த வண்டியிலே இருந்தது.

நம் பட்டறைக்காரரிடம் அத்தொழிலின் ஒழுங்கை நேரில் கண்டோம். முதல் வேலை கழற்றுவதன்று, குறித்துக்கொள்வது. எந்த நட்டு எங்கிருந்து வந்தது என்று சுண்ணக்கட்டியால் எண்ணிட்டு வைக்கிறார். பல்லாண்டு ஓடாமல் பிஸ்டன் இறுகிப்போன எஞ்சினை அவர் வலிந்து சுற்றுவதில்லை. இன்ஜெக்டர் துளை வழியே எண்ணெய் ஊற்றிப் பல நாள் ஊற விடுகிறார். ஹைட்ராலிக் எண்ணெயைத் திறந்தபோது அது மோர்போல் வெளுத்திருந்தது. "தண்ணி எறங்கியிருக்குது" என்று ஒரே பார்வையில் கூறிவிட்டார். கிடைக்காத பாகத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் அலைகிறார். அங்கும் கிடைக்காததை லேத்தில் கடைந்துகொள்கிறார். இந்த அறிவு எந்த நூலிலும் எழுதப்படவில்லை. அவர் கையில் இருக்கிறது.

எஞ்சி நிற்பவர்

அவருடைய மகன் அருகிலுள்ள தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றுகிறார். ஒழுங்கான ஊதியம், சீருடை, பேருந்து வசதி எல்லாம் உண்டு. நாள்தோறும் எண்ணற்ற வண்டிகள் அவர்முன் நகர்ந்து செல்கின்றன. அவர் பொருத்துவது ஒரே ஒரு பாகம். முழு எஞ்சினையும் திறந்து பார்த்ததுண்டா என்று கேட்டோம். "அப்பாகிட்டதான் பார்த்திருக்கேன்" என்றார். தொழிற்சாலை வேலையை நாம் குறை கூறவில்லை. அவ்வேலை பல வீடுகளில் அடுப்பெரிய வைத்திருக்கிறது. ஆயினும், வண்டி செய்யும் வட்டாரத்திலேயே வண்டியை முழுமையாய் அறிந்தவர் அருகி வருகிறார் என்பது சிந்தனைக்குரியது.

தொழிற்சாலைகள் என்றும் நிலைத்திருப்பவை அல்ல என்பதற்கும் இவ்வட்டாரமே சாட்சி. வண்டலூரின் ஸ்டாண்டர்டு கார் உற்பத்தி 1980-களின் இறுதியில் நின்றது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா தொலைபேசி ஆலை 2014இல் மூடப்பட்டது. மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனம் 2022இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. செய்தவர் சென்றபின்னும் செய்யப்பட்ட பொருள் மக்களிடம் இருக்கிறது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் இன்றும் நம் சாலைகளில் எப்போதாவது தென்படுகின்றன என்றால், தொழிற்சாலை மூடிய பிறகும் பட்டறைகள் மூடாமல் இருந்ததே அதற்குக் காரணம். ஒரு பொருளின் ஆயுளை முடிவு செய்வது அதனைச் செய்தவர் மட்டுமல்லர். அதனைத் திறக்கத் தெரிந்தவரும் ஆவார்.

புதிய வண்டிகளோ கணினிப் பெட்டியும் முத்திரையிட்ட மூடியுமாக வருகின்றன. புகை குறைவு, எரிபொருள் மிச்சம், பாதுகாப்பு என நன்மைகள் உண்மையே. ஆனால் நாற்பது ஆண்டு கழித்து ஒரு வேப்பமரத்தடியில் அவற்றைத் திறக்க யார் இருப்பார்? எதைக் கொண்டு திறப்பார்?

மூன்று வாரம் கழித்து நாம் மீண்டும் அப்பட்டறைக்குச் சென்றோம். டிராக்டர் பூட்டப்பட்டிருந்தது. அன்று மகனுக்கு வார விடுமுறை. தந்தை சொல்லச் சொல்ல அவர்தான் கடைசி போல்ட்டுகளை முடுக்கினார். இரண்டு முறை இருமிவிட்டு, மூன்றாம் முறை எஞ்சின் பிடித்துக்கொண்டது. கரும்புகை கலைந்து, ஓசை சீரானது. உரிமையாளர் ஏறி அமர்ந்து, ஏரிக்கரை வழியே மெல்ல ஓட்டிச் சென்றார். முன்னாளில் தம் நிலம் இருந்த திசையில், மதில் ஓரம்வரை போய், திரும்பி வந்தார். நாங்கள் யாரும் ஒன்றும் பேசவில்லை.

வாசகர்களே, உங்கள் ஊரிலும் இத்தகைய பட்டறை ஒன்று இருக்கக்கூடும். கோட்டைகளையும் அரசர்களையும் எழுதி வைத்த நாம், இக்கைகளை எழுதி வைக்கவில்லை. மதுரையிலிருந்து 'நம்வழி வேளாண்மை' இதழ், உழவரின் அறிவை அவர்தம் பெயரோடு பதிவு செய்து வழிகாட்டியது. அதுபோல், உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் ஒரு மாலைப் பொழுது அமர்ந்து, அவர் யாரிடம் தொழில் கற்றார், எவ்வெவ்வண்டியை எப்படி மாற்றினார் என்று கேட்டு எழுதிவையுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையை ஒரு விடுமுறையில் அவரிடம் அனுப்புங்கள். கையில் கரி படிந்து வரட்டும். சுண்ணக்கட்டியால் எண்ணிட்டுக் கழற்றவும், வரிசை மாறாமல் பூட்டவும் அவன் கற்றுக்கொண்டால், நம் வட்டாரத்தின் வரலாற்றில் ஒரு பகுதி அவனிடம் பத்திரமாய் இருக்கும்.